அட்டவணையில் இல்லாத காயம்

கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. ஒரு கையின் நான்கு விரலும் போய்விட்டால் 50. மறு கண் நன்றாக இருந்து ஒரு கண்ணையே எடுக்க வேண்டி வந்தால் 40, கண் அப்படியே இருந்து பார்வை மட்டும் போனால் 30. 1948-ஆம் ஆண்டு தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தின் (இ.எஸ்.ஐ.) இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பதை இப்படிச் சொல்லிக்கொண்டு போகிறது. நகக்கண்ணுக்குக் கீழே எலும்பு போகாமல் நுனி மட்டும் நறுக்கென்று போனால் எத்தனை என்பது வரைக்கும் அதில் உண்டு. சிவகாசியில் பட்டாசு ஆலைகளுக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்கு எழுதும் ஓர் ஆபீஸில் சேர்ந்து, பிறகு தனியாக ஒரு மேஜை போட்டு அதே வேலையைச் செய்து பிழைத்தவன் நான். இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

ஆனால் அந்த அட்டவணையில் தீக்காயம் என்று ஒரு வரி கிடையாது. முகம் மிக மோசமாகச் சிதைந்தால் 100 சதவீதம் என்று ஓரிடத்தில் வரும், அத்தோடு சரி. மற்றதெல்லாம் வெட்டுப்பட்டது, துண்டானது, பார்வை போனது, காது போனது. பஞ்சாலையையும் இரும்புப் பட்டறையையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள் போல. இயந்திரம் விரலை எடுத்துக்கொண்டு போய்விடும். பட்டாசு மருந்து பெரும்பாலும் விரலை விட்டுவிட்டுத்தான் போகும். தோல் இறுகி, விரலோடு விரல் ஒட்டி, உள்ளங்கைப் பக்கம் மடங்கி நிற்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பெல்லாம் எண்ணிப் பார்க்கும்படி இருக்கும். "கை இருக்குல்லம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்பதற்கு அந்த எக்ஸ்ரே ஒன்று போதும்.

இருக்கிற கையை இல்லாத கை என்று காகிதத்தில் நிரூபிப்பதுதான் என் தொழிலின் பாதி. மீதிப் பாதி, காயம் பட்டது ஆலையில்தான் என்று நிரூபிப்பது. வெளியூர்க்காரர்கள் இரண்டாவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஊரே அதிர்ந்து, புகை எழுந்து, தீயணைப்பு வண்டி வந்து நின்ற இடத்தில் எதை நிரூபிப்பது என்பார்கள். பெரிய வெடி விபத்துக்கு அது சரி. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்ததையோ, 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் நடந்ததையோ யாரும் மறைக்க முடியாது. என் மேஜைக்கு வந்தவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரு அறையில் 'பொசுக்'கென்று பற்றி, இரண்டு பேர் கையும் முகமும் வெந்து, சத்தம்கூடப் பக்கத்துத் தோட்டம் தாண்டாமல் அடங்கிப்போன விபத்துகள்தான் வந்தன. அடுப்பு வெடித்தது என்று கதை கட்டுவது அங்கேதான்.

விபத்து நடந்த அரை மணியில் போர்மேனோ காண்டிராக்டரோ காரில் ஏற்றிக்கொண்டு போவார். நல்ல மனுஷன்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. போகிற வழியிலேயே பேச்சு முடிந்துவிடும். "வீட்டுல ஸ்டவ்வு பத்திக்கிருச்சுன்னு சொல்லிரு தாயி. ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் முதலாளி பாத்துக்கிருவாக. ரிப்போர்ட்டுன்னு போனா லைசென்ஸை நிறுத்திப்புடுவாங்க, அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிரும்." வலியில் துடிக்கிறவள் என்ன பேசுவாள்? தலையை ஆட்டிவிடுவாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்பதும், அவள் சொல்வதும், அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதும் ஒரு நிமிஷ வேலை. அந்தப் பதிவேட்டின் நகலைத்தான் நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். அதில் 'வீட்டில் சமையல் செய்யும்போது' என்று விழுந்துவிட்டால், பிறகு நான் எத்தனை படிவம் எழுதினாலும் முதல் தாள் எனக்கு எதிராகத்தான் பேசும்.

காயம் பட்டவர்கள் வீட்டாரிடம் நான் முதலில் கேட்பது, "ஏ.ஆர். காப்பியில என்ன எழுதியிருக்கு?" என்பதைத்தான். காயம் எப்படி இருக்கிறது என்பது அதற்கு அப்புறம். ஒரு முறை கேட்டுவிட்டு, மனசாட்சியே இல்லாத ஆள் என்று ஒரு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலாளிமார் எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆலைகளில், அதிலும் நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறையின் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பலர், விபத்துப் புத்தகத்தில் அன்றைக்கே எழுதி, விபத்து அறிக்கையான படிவம் 12-ஐ உடனே அனுப்பிவிடுவார்கள். அதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி, இ.எஸ்.ஐ.யில் பலன் கிடைக்கும் காயத்துக்கு வேறு சட்டத்தில் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வரும். நாற்பது வயது ஆள் இறந்து, சம்பளம் உச்சவரம்பான 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியை 184.17-ஆல் பெருக்க வேண்டும். 13 லட்சத்து 81 ஆயிரத்துச் சொச்சம் வரும். முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். இந்தக் கணக்கை ஒரு துண்டுச்சீட்டில் போட்டுக் காட்டித்தான் சில முதலாளிகளை ரிப்போர்ட் அனுப்ப வைத்திருக்கிறேன். தர்ம நியாயம் பேசி ஒருவரைக்கூட அனுப்ப வைத்ததாக நினைவில்லை.

இன்னொரு பயம் தொழிலாளிக்கே உண்டு. வெயில் காலத்தில் அறைக்குள் உட்கார முடியாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சரம் பின்னுவார்கள். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பைத் தாண்டி உட்காருவார்கள். அங்கே பற்றிக்கொண்டால், "நாமதான விதிய மீறுனோம், நமக்கு எப்படிக் குடுப்பாக?" என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுவார்கள். 51-பி பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்த காரியத்தில் நடந்த விபத்து என்றால் அது வேலையில் நடந்த விபத்துதான். மரத்தடியில் உட்கார்ந்து அவள் தன் வீட்டுக்கா சரம் பின்னினாள்?

அடுத்த சிக்கல் பெயர். காண்டிராக்டர் வேனில் கூட்டி வருவார், பீஸ் ரேட்டில் வேலை, சனிக்கிழமை பட்டுவாடா, காண்டிராக்டர் கையில் ஒரு நோட்டு. ஆலைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரே இருக்காது. கேட்டால், "அவ எங்க ஆளு இல்ல, காண்டிராக்டர் ஆளு" என்பார்கள். காண்டிராக்டர் மூலம் வந்தவரும், பீஸ் ரேட்டுக்காரரும் சட்டத்தில் தொழிலாளிதான். அவருக்கான சந்தாவை முதலில் கட்ட வேண்டியதும் ஆலை முதலாளிதான், பிறகு காண்டிராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். அச்சன்குளத்தில் ஒரே ஆலை பல பேருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தது விசாரணையில் வெளியே வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று உத்தரவிட்டது. அப்படியொரு உத்தரவு எல்லா விபத்துக்கும் வந்துவிடாது. இரண்டு பேர் கை வெந்த விபத்தில், யார் முதலாளி என்பதையே சிட்டையையும் வேன் டிரைவரையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

விபத்து நடந்த பிறகு அவசரமாக ஆன்லைனில் பெயரை ஏற்றி நம்பர் வாங்குவதும் உண்டு. காலையில் விபத்து, மதியம் நம்பர். இ.எஸ்.ஐ. ஆபீஸில் இருப்பவர்களுக்குக் கண் தெரியாதா? விசாரணைக்கு ஆள் வரும். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வேலையில் ஏற்படும் காயத்துக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. 2003-இல் உச்ச நீதிமன்றம் பரகத் இன்ஜினியரிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலாளி சந்தா கட்டினாரா இல்லையா என்பது அவருக்கும் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்கும் உள்ள விவகாரம், தொழிலாளியின் உரிமை அதனால் போகாது. கட்டாத முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள 68-ஆம் பிரிவு இருக்கிறது. ஆகவே, நம்பர் எப்போது போட்டார்கள் என்பதை மறைக்க முயல வேண்டாம், வேலைக்கு எப்போது வந்தாள் என்பதற்குச் சாட்சி தேடுங்கள் என்று சொல்வேன். கூட வேலை பார்த்தவர்கள், வேனில் கூட வந்தவர்கள், பெட்டிக்கடையில் டீக் கணக்கு எழுதியவர் என்று யாராவது கிடைப்பார்கள்.

இனி எனக்குத் தீராத ஆற்றாமை ஒன்று. பதிவேட்டில் ஏறும் சம்பளம்.

ஒரு பெண் நாளைக்கு 450 ரூபாய்க்கு வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் 300 என்று ஏறும். அதில் முதலாளிக்கு மட்டுமல்ல, அவளுக்கும் சம்மதம்தான். பிடித்தம் குறையும் அல்லவா? 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25. 450-க்கு அவளிடம் பிடிப்பது மூன்று ரூபாய் முப்பத்தெட்டு காசு. 300-க்கு இரண்டேகால் ரூபாய். ஒரு நாளைக்கு மிச்சம் ஒரு ரூபாய் பதிமூன்று காசு. பிறகு ஒரு நாள் கட்டைவிரல் போகிறது. நிரந்தர ஊனத்துக்கான முழு விகிதம் தினச் சம்பளத்தில் 90 சதவீதம், அதில் அட்டவணைப்படி 30 சதவீதம். 450 என்று பதிந்திருந்தால் நாளைக்கு 121 ரூபாய் 50 காசு. 300 என்று பதிந்ததால் 81 ரூபாய். மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதுவும் சாகும்வரை. விலைவாசியைப் பார்த்து அவ்வப்போது இந்தத் தொகையை உயர்த்துகிறார்கள் என்றாலும், குறைந்த அடியின் மேல் போட்ட உயர்வு குறைந்ததாகத்தானே இருக்கும்?

விபத்துக்குப் பிறகு வந்து, "அண்ணாச்சி, நான் நானூத்தம்பது வாங்குனேன், கூட உள்ளவுகளக் கேட்டுப் பாருங்க" என்று அழுதவர்கள் உண்டு. கூட உள்ளவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் எல்லாருடைய கணக்கும் வெளியே வரும்.

காயம் ஆறும் காலம் தனிக் கதை. விபத்து நடந்த நாளை விட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாத காயம் என்றால், முதல் நாளிலிருந்தே தினச் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனத்துக்காகக் கிடைக்கும். எத்தனை மாதம் ஆனாலும் டாக்டர் சான்று இருக்கிறவரை வரும். சாதாரண நோய்க்கு அப்படியில்லை. அதற்கு 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள், அதுவும் அரை வருஷச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால்தான். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டது. பேரியம் நைட்ரேட்டை இங்கே பச்சை உப்பு என்போம். அது இல்லாமல் கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் எப்படிச் செய்வது என்று சொல்லி ஆலைகளைப் பல மாதம் மூடிப்போட்டார்கள். அந்த அரை வருஷத்தில் 78 நாளுக்கு எங்கே போவது? அந்தச் சந்தாவைப் பார்த்துப் பலன் தரும் காலம் தொடங்கிய 2019 ஜூலைக்குப் பிறகு மஞ்சள்காமாலை, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று வந்தவர்களுக்கெல்லாம் கையை விரிக்க வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் பழைய தீக்காயத்துக்குச் சான்று வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பணம் நிற்கவில்லை. ஒரே வீட்டில் அக்காளுக்குக் கிடைத்து தங்கைக்குக் கிடைக்காமல் போய், நான்தான் ஏதோ வேலை செய்துவிட்டேன் என்று தங்கை என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

இந்தச் சான்றுகளை விடாமல் வாங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதல் சான்று, இடையில் வாங்கும் சான்றுகள், கடைசியாக வேலைக்குத் தகுதி என்ற சான்று. நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனால் அந்த இரண்டு வாரத்துக்குப் பணம் இல்லை. தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம்தான் ஆபத்தான காலம். கை பாதி ஆறியிருக்கும். ரேட்டு ஏறியிருக்கும். "லேபிள் ஒட்டுறதுதான, ஒத்தக் கையில ஒட்டிருவேன்" என்று வேறொரு ஆலைக்குப் போய்விடுவார்கள். வேலை செய்து கூலி வாங்கிய நாளுக்குத் தற்காலிக ஊனப் பணம் கிடையாது என்பது சட்டம். இரண்டையும் வாங்கியது தெரிந்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்பார்கள், மெடிக்கல் போர்டுக்குப் போகும்போது அதுவே பேச்சாகவும் ஆகும். கடைசிச் சான்று வாங்கி, நிரந்தர ஊனம் என்று முடிவான பிறகு இந்தத் தடை கிடையாது. அப்போது வேலைக்கும் போகலாம், மாதப் பணமும் வாங்கலாம். பலர் இதைத் தலைகீழாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். முடியாத காலத்தில் வேலைக்குப் போவார்கள், போகலாம் என்கிற காலத்தில் பென்ஷன் நின்றுவிடும் என்று பயந்து வீட்டில் உட்காருவார்கள்.

இனி, நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு.

போர்டில் டாக்டர்கள் கெட்டவர்கள் அல்லர், நேரம் இல்லாதவர்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. கையை நீட்டச் சொல்வார்கள், மடக்கச் சொல்வார்கள், பேனாவைப் பிடிக்கச் சொல்வார்கள். திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப் போயிருந்தேன். வலது கையில் கடைசி மூன்று விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வாத்துக் காலில் இருப்பதுபோல இழுத்துக் கட்டியிருந்தது. பேனாவைக் கொடுத்ததும் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் செருகி வாங்கிக்கொண்டாள். கொடுத்ததை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள். பிடிக்க முடிகிறது, எலும்பு இழப்பு இல்லை என்று எழுதினார்கள். ஒற்றை இலக்கத்தில் ஒரு சதவீதம் வந்தது.

போர்டு சொன்னதோடு முடியாது. மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அல்லது நேரே இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்குப் போகலாம். நாங்கள் தீர்ப்பாயத்துக்குப் போனோம். இந்தத் தடவை ஒரு மஞ்சள் பையில் காலிக் காகிதக் குழாய்கள் ஒரு கைப்பிடியும், கொஞ்சம் சணல் நூலும் கொண்டுபோயிருந்தேன். மருந்து இல்லாத வெறும் குழாய்தான், வாசலில் இருந்த ஆளிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். டாக்டர் என்ன அது என்று கேட்டார். "இவங்க சரம் பின்றவங்க சார். ஒரு சரம் பின்னிக் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

மேஜை மேல் குழாய்களைப் பரப்பினாள். பின்னுகிற வேலையில் இடது கை குழாயை நிறுத்த வேண்டும், வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலை இழுத்து இறுக்க வேண்டும், மற்ற மூன்று விரலும் பின்னி முடிந்த சரம் கலையாமல் அணைத்துப் பிடிக்க வேண்டும். அவள் முதல் குழாயை நிறுத்தினாள். நூலை வளைத்தாள். இழுத்தபோது நூல் விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வளைத்தாள். குழாய் உருண்டு கீழே விழுந்தது. பல்லால் நூலைக் கடித்து இழுக்கப் பார்த்தாள். மருந்து வைத்த குழாயென்றால் வாய்ப்பக்கம் கொண்டுபோகவே முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஒரு டாக்டரே, "போதும்மா, விடுங்க" என்றார். முன்னே எத்தனை சரம் பின்னுவீங்க என்று கேட்டார். அவள் சொன்ன எண்ணை நம்பாமல் என்னைப் பார்த்தார்.

அட்டவணையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. ஓர் உறுப்பின் பயன்பாடு முழுதாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பே போனதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று. தீக்காயக்காரர்களுக்கு அட்டவணைக்குள் நுழைய இருக்கிற வாசல் அந்த ஒரு வரிதான். ஒரு கையில் மூன்று விரல் போனால் 30. அதற்கு மேல் விரியாத கட்டைவிரல். 35 சதவீதம் என்று தீர்ப்பாயம் எழுதியது. இன்னும் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவள் அதோடு போதும் என்றுவிட்டாள்.

இதற்கு ஒரு பெரிய தீர்ப்பும் துணைக்கு இருக்கிறது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தச்சுத் தொழிலாளி ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அட்டவணையைப் பார்த்தால் முழு ஊனம் ஆகாது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது 100 சதவீத ஊனம்தான் என்று தீர்ப்பாயிற்று. அது இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. போர்டில் நீட்டினால் டாக்டர்கள் அதைப் படிக்கப்போவதில்லை. நீதிமன்றத்துக்குப் போகிற வழக்கு என்றால், வக்கீல் பையில் அதன் நகலை நானே வைத்துவிடுவேன்.

போர்டு விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. தோல் இறுக்கத்தை விடுவிக்க மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்னால் போர்டுக்குப் போனால் தற்காலிக மதிப்பீடு என்று எழுதி, பிறகு மறுபடி வரச் சொல்வார்கள். ஆபரேஷனால் கை கொஞ்சம் விரிந்தால் சதவீதம் குறையும். "அப்ப ஆபரேஷன் வேண்டாம் அண்ணாச்சி" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். கை முக்கியமா, சதவீதம் முக்கியமா என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பார்த்த பிறகு கோபம் வருவதில்லை. இறுதி மதிப்பீடு ஆனபின் நிலைமை மோசமானால் மறு ஆய்வு கேட்கலாம், ஆனால் பொதுவாக ஐந்து வருஷம் கழிந்திருக்க வேண்டும். தோல் இறுக்கம் வருஷம் ஆக ஆகக் கூடும். ஐந்தாம் வருஷம் என்று என் டைரியில் எழுதி வைத்துக்கொண்டு சொல்லி அனுப்புவேன்.

மாற்றுத்திறனாளி அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முகாமில் 50 சதவீதம் போட்டிருக்கிறார்கள், இ.எஸ்.ஐ. மட்டும் ஏன் 20 போடுகிறது என்று கேட்பார்கள். அது 2016-ஆம் ஆண்டு சட்டம், உடம்பின் குறையை அளக்கிறது. 40 சதவீதத்தைத் தாண்டினால் பல சலுகைகளுக்குத் தகுதி வரும், மாநில அரசின் மாதாந்தர உதவித்தொகைக்குத் தனி விதிகள். இ.எஸ்.ஐ. போர்டு அளப்பது சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பதை. ஒன்றைக் காட்டி மற்றதை வாங்க முடியாது, இரண்டையும் தனித்தனியே வாங்க வேண்டியதுதான்.

வேன் விபத்துகளையும் சொல்லாமல் விட முடியாது. ஆலை அனுப்பும் வேனில் வரும்போது அடிபட்டால் அது வேலையில் பட்ட அடிதான், 51-சி. சொந்த சைக்கிளில் வந்தால்? கேரளத்தில் பிரான்சிஸ் டி கோஸ்டா என்ற தொழிலாளி ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சைக்கிளில் வரும்போது லாரி மோதி அடிபட்டார். 1971-இல் நடந்தது அது. உச்ச நீதிமன்றம் 1996-இல் இது வேலையில் பட்ட காயம் இல்லை என்று சொல்லிவிட்டது. கால் நூற்றாண்டு அலைந்ததற்கு அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். 2010-இல் சட்டத்தைத் திருத்தி 51-இ என்று ஒரு பிரிவு போட்டார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு நிலைநாட்டப்பட்டால் சேரும். அதன்பிறகு எங்கள் ஊர் ரோட்டில் அதிகாலையில் மொபெட்டில் வந்து அடிபட்டவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

இந்தச் சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நான் மேலே சொன்ன பிரிவு எண்களும் அட்டவணையும் பழைய சட்டங்களுடையவை, இனி வருகிறவர்கள் புது எண்களைப் படித்துக்கொள்ள வேண்டும். அதில் எங்கள் பக்கத்துக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு. பழைய கணக்கில் பத்துப் பேர் இருந்தால்தான் ஆலை இ.எஸ்.ஐ.க்குள் வரும். இப்போது, அபாயகரமான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் வரும்.

செய்தியைக் கேட்டுவிட்டு மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தரும் லைசென்ஸில் சின்ன ஆலை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். அவரும் அவர் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும், கூட இரண்டு மூன்று பேரும் வேலை பார்க்கிறார்கள். மருந்து கலப்பது அவரேதான். எல்லாருக்கும் கட்டணுமா என்று கேட்டுவிட்டு, "எனக்கு அடிபட்டா யாரு குடுப்பா அண்ணாச்சி?" என்றார். முதலாளிக்கு இதில் கிடையாது, தனியாக விபத்துப் பாலிசி ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், பட்டாசு என்றால் எந்தக் கம்பெனி சுலபமாகப் போடும் என்பதையும் விசாரித்துக்கொள்ளச் சொன்னேன். தம்பி பெண்டாட்டிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டாள்தானே, சனிக்கிழமை கையில் இருப்பதைக் கொடுப்போம் என்றார். ஒரு வருகைப் பதிவேடு வாங்கி, முதலில் அவள் பெயரை எழுதி, கொடுப்பதைக் கொடுத்தபடியே பக்கத்தில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.